செட்டிநாட்டு வீட்டில் நில ஆமை: படுகை தேர்ந்தெடுப்பது எப்படி?

என் தம்பி வேலைக்காக வெளிநாடு போனபோது, சென்னையில் அவன் வளர்த்து வந்த சல்காட்டா ஆமைக் குட்டியைப் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அப்போது அது உள்ளங்கை அளவுதான். கீரை போடு, காலை வெயில் காட்டு என்று சொன்னான். கீழே என்ன விரிப்பது என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த ஏழு மாதத்தில் நான்கு விதமான படுகை மாற்றினேன். மூன்று தவறாகப் போயின. அதில் ஒன்று ஆமையைச் சாவு வரைக்கும் கொண்டு போனது.

தேடிப் படித்த குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் மரப்பட்டை நம் ஊரில் கிடைப்பதில்லை. நம் கையருகே இருக்கும் எம்-சாண்ட், உமி, கடலைத்தொலி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பற்றி அவர்கள் எழுதப் போவதுமில்லை. அதனால் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கம் புதிதாக நில ஆமை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்காரர்கள் ‘பெட்டிங்’ அல்லது ‘சப்ஸ்ட்ரேட்’ என்று சொல்வதைத்தான் இங்கே படுகை என்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். ஆமைக் குட்டி நாள் முழுக்கத் தரையை ஒட்டியே மூச்சு விடுகிறது. அதன் மூக்குக்கு அருகில் உள்ள காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்பதைப் படுகைதான் முடிவு செய்கிறது. நம் ஊரோ வருடத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும், பிறகு ஐப்பசியில் ஒரேயடியாக நனையும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஈரத்தைச் சமாளிப்பதற்காகத்தான்.

1. படுகைக்கு முன்னால் காகிதம்

வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் படுகை தேட வேண்டாம். ஓட்டில் மஞ்சள் கதிர்கள் நட்சத்திரம் போல விரிந்திருக்குமே, அதுதான். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் இயற்கையாகவே வாழும் ஆமை அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ‘வீட்டில் ஆமை இருந்தால் நல்லது’ என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

சல்காட்டா, சிவப்புக்கால் ஆமை போன்றவை வெளிநாட்டு இனங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் இவை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஆமை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில், தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் பதிவு விண்ணப்பம் போட வேண்டும். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும், இறந்து போனாலும் தெரிவிக்க வேண்டும். தம்பி பெயரில் இருந்ததை என் பெயருக்கு மாற்றுவதை நான் இருபத்தைந்து நாள் தள்ளிப் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் அலைந்தேன். ஆமை வந்த வாரமே இதை முடித்துவிடுங்கள்.

ஒரே கோப்பில் நான் வைத்திருப்பவை: பதிவுச் சான்று, தம்பி எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் கடிதம், முதலில் வாங்கியபோது கொடுத்த ரசீது, என் ஆதார் நகல், ஆமையின் மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் தனித்தனியாக எடுத்த படங்கள், மாதம் ஒருமுறை போட்ட எடைக் குறிப்பு. கடைசியாகச் சொன்ன எடைக் குறிப்பைத்தான் மருத்துவர் முதலில் கேட்டார்.

விற்பவர் ரசீது தர மறுத்தால் அந்த ஆமையை வாங்க வேண்டாம்.

2. எந்த இனம், எந்த வயது?

கடைகளில் சின்னதாகப் பச்சை நிறத்தில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டு விற்பது நீர் ஆமை. அதற்குத் தண்ணீர்த் தொட்டிதான் வேண்டும், இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது.

சல்காட்டா, ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலத்து ஆமை. வறண்ட நிலத்து ஆமை என்றதும் காய்ந்த படுகை போதும் என்று நினைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே அது வெயில் நேரத்தை மண்ணுக்குள் தோண்டிய வளையில் கழிக்கிறது. வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். குட்டியைக் காய்ந்த படுகையில் வளர்த்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பு போல எழும்பிவிடும். இதை ‘பிரமிடிங்’ என்பார்கள். ஒருமுறை எழும்பினால் மறுபடி தட்டையாகாது.

ஆகவே சல்காட்டாக் குட்டிக்குப் படுகை மட்டத்தில் காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். தென் அமெரிக்கக் காட்டிலிருந்து வந்த சிவப்புக்காலுக்கு எல்லா வயதிலும் இதே அளவு வேண்டும். ஓடு ஒரு சாண் நீளம் வளர்ந்த சல்காட்டாவுக்கு மண் கலந்த படுகை போதும். முழுதாக வளர்ந்த ஆண் 50 கிலோவையும் தாண்டும். அப்போது பெட்டி, படுகை என்ற பேச்சே இல்லை, தோட்டம்தான்.

3. இவை வேண்டாம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் பணத்தையும் ஆமையின் உடம்பையும் இழந்தது இங்கேதான்.

வெறும் ஆத்தங்குடித் தரை. இரண்டாங்கட்டில் ஒரு மூலையை மறித்து, தரையிலேயே விட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த வழவழப்பில் குட்டிக்குக் கால் ஊன்ற முடியாது. பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து வழுக்கும். வளரும் பருவத்தில் தினமும் இப்படி நடந்தால் கால் அமைப்பே கெட்டுப்போகும். மேலே செய்தித்தாள் விரித்தாலும் வழுக்கல் குறையாது. புதிதாக வந்த ஆமையின் கழிவைக் கவனிக்க முதல் ஒன்றிரண்டு வாரம் தாள் விரிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மணல், எம்-சாண்ட். வீட்டு வேலைக்கு வந்து மிச்சமிருந்த எம்-சாண்டைச் சலித்து, கழுவி, காயவைத்துப் போட்டேன். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஆமை கீரையை இழுத்துத் தின்னும்போது ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து உள்ளே போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. ஒன்பது நாள் அது வெளிக்குப் போகவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் வெள்ளைக் கட்டி மாதிரி மணல் தெரிந்தது. இரண்டு வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மருந்து கொடுத்துத்தான் மீட்டோம். வண்டிச் செலவு, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தாண்டியது. ஆற்று மணலுக்கும் இதே கதிதான். உடைத்த கல்லான எம்-சாண்டுக்கு முனைகள் கூர்மை, கண்ணையும் அடி ஓட்டையும் உரசும்.

மரத்தூள், இழைப்புச் சுருள். காரைக்குடியில் மரவேலைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை, தூள் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். வாங்காதீர்கள். பாலிஷ், பிளைவுட் பசை, கரையான் மருந்து எல்லாம் அதில் கலந்திருக்கும், பிரிக்க முடியாது. பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் ஆமையின் நுரையீரலுக்கு ஆகாது. சரக்குப் பெட்டி உடைத்த மரம் பெரும்பாலும் பைன்தான்.

உமி, வைக்கோல், கடலைத்தொலி. உமி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். வைக்கோல் ஈரம் பிடிக்காது. நனைந்தால் இரண்டே நாளில் பூஞ்சை. கடலைத்தொலி அதைவிட வேகமாகப் பூக்கும்.

செயற்கைப் புல் விரிப்பில் நூல் பிரிந்து நகத்தில் சுற்றும், சில ஆமைகள் பிய்த்துத் தின்னும். பூனைக்கு விற்கும் மண் வயிற்றுக்குள் போனால் ஊதும். கண்மாய் வண்டல் நனைந்தால் களியாகக் காலில் அப்பும், காய்ந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். இந்த மூன்றையும் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, மாடித்தோட்ட மண் கலவை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நர்சரியில் ‘கோகோபீட்’ என்று கேட்டால் சில நேரம் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே வேப்பம் புண்ணாக்கு, உரம், பெர்லைட் என்னும் வெள்ளை மணிகள் இருக்கும். வெள்ளையாக எது தெரிந்தாலும் ஆமை போய்க் கடிக்கும். இதைப் போட்ட நான்காம் நாளே எங்கள் ஆமைக்குக் கண் இமை வீங்கிவிட்டது. பையில் எழுதியிருக்கும் பொருள் பட்டியலைப் படித்து, நார்க்கழிவைத் தவிர வேறு ஒரு பெயர் இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

4. இதை வாங்குங்கள்

எல்லா அலைச்சலுக்கும் பிறகு நான் வந்து நின்ற இடம் தென்னை. நம் பக்கத்திலேயே இருக்கும் பொருள், விலையும் குறைவு. இரண்டு வகை வேண்டும்.

ஒன்று நார்க்கழிவு. கோகோபீட் என்று அமுக்கிக் கட்டியாக விற்பார்கள். தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். ஆனால் தனியாகப் போட்டால் மேல்பரப்பு காய்ந்து மாவு மாதிரி பறக்கும். ஆடிக்காற்று நேரத்தில் முற்றத்தை ஒட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஆமையின் கண்ணெல்லாம் தூசியாகிவிடும்.

இன்னொன்று மட்டைத் துண்டு. தேங்காய் மட்டையைச் சுண்டுவிரல் நகத்தளவுக்கு வெட்டியது, ‘ஹஸ்க் சிப்ஸ்’ என்று கேளுங்கள். இது தூசியை அடக்கும், காலுக்குப் பிடிமானம் கொடுக்கும், அடியில் காற்றோட்டம் விடும். வாய்க்குள் போகாத அளவு பெரிய துண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

குட்டிக்கு இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். சிவப்புக்கால் என்றால் மட்டைத் துண்டைக் கூட்டி, மேலே வாழைச் சருகு பரப்புங்கள். சருகுக்கு அடியில் புகுந்துகொள்வது அதற்குப் பிடிக்கும். சருகு எடுக்கும்போது தோட்டத்து அரளி இலை ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது, அது விஷம்.

சாண் நீளம் வளர்ந்த சல்காட்டாவுக்கு மூன்று பங்கு செம்மண், இரண்டு பங்கு நார்க்கழிவு. செம்மண்ணை மட்டும் போட்டால் நம் ஊர் மண் காய்ந்து கல்லாகிவிடும், தோண்ட முடியாமல் நகம் தேயும். மண்ணைச் சாலை ஓரத்திலும் உரம், பூச்சிமருந்து அடித்த கொல்லையிலும் எடுக்காதீர்கள். சலித்து, லேசாக நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, சித்திரை வெயிலில் நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் வைத்தால் பூச்சி முட்டையும் களை விதையும் அழியும். அதனால் பெட்டியை மாற்றப் போகிற மாதத்தை முன்பே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ‘லோ ஈ.சி.’ அல்லது ‘கழுவியது’ என்று இருக்க வேண்டும், அது உப்புக் குறைவு என்பதற்கான அடையாளம். ‘பஃபர்டு’ என்று எழுதியிருந்தால் வேண்டாம், அதில் செடிக்கான கால்சியம் நைட்ரேட் சேர்த்திருப்பார்கள். சிங்கம்புணரிப் பக்கத்து நார் ஆலைகளில் கழிவை உதிரியாக மூட்டையில் வாங்கலாம், மிகவும் மலிவு. ஆனால் அது கழுவாத சரக்கு, நீள நார்களும் அதிகம். நார் குட்டியின் விரலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். முதல் முறை கட்டியாகவே வாங்குங்கள், பழகிய பிறகு மூட்டைக்குப் போகலாம்.

5. எவ்வளவு வேண்டும்?

பெட்டியின் நீளம், அகலம், படுகையின் ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். எங்கள் பெட்டி நாலடிக்கு இரண்டடி. 120 × 60 × 8 செ.மீ. ஆழம் என்றால் சுமார் 58 லிட்டர். ஒரு 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் சுமார் 65 லிட்டருக்கு மேல் வரும். ஆக, நார்க்கழிவு ஒரு கட்டி, மட்டைத் துண்டு ஒரு கட்டி வாங்கினால் முதல் நிரப்புக்குப் போக, இன்னொரு முறைக்கும் மிச்சமிருக்கும்.

ஆழம் 8 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். குட்டி தன் உடம்பை முழுதாகப் புதைத்துக்கொள்ள முடிய வேண்டும். அரைச் சாண் படுகையில் அது தோண்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் அதுவரை அது ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் கொடுத்த விலை: 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி 280 ரூபாய், மட்டைத் துண்டுக் கட்டி 390, ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி 350, கடப்பா கல் துண்டு கல் கடையில் 40. மொத்தம் 1,060 ரூபாய். இதற்கு முன்னால் தவறான படுகைகளுக்கும் வைத்தியத்துக்கும் ஆனது இதைப்போல ஐந்து மடங்கு.

6. ஊறவைத்துக் கழுவுவது

இந்த வேலைக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஆமை வருவதற்கு முந்தைய நாள் தொடங்கினால் முடியாது.

பெரிய தொட்டியில் கட்டியை வைத்து 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். தண்ணீர் தேநீர் நிறமாக மாறும், பயப்பட வேண்டாம், மட்டையின் சாயம்தான். பழைய பருத்தி வேட்டியில் அள்ளிக் கட்டித் தொங்கவிட்டால் வடிந்துவிடும். இப்படி மூன்று தண்ணீர் மாற்றுங்கள். மூன்றாவது தண்ணீர் வெளிறியிருக்க வேண்டும். அள்ளும்போதே கையில் சிக்கும் நீள நார்களைப் பிடுங்கிப் போடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. முதல் தடவை மூன்று முறையும் அதிலேயே கழுவினேன். இரண்டு வாரத்தில் படுகையின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தது. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் நின்றுவிட்டது. முதல் இரண்டு கழுவலுக்கு எந்தத் தண்ணீரும் இருக்கட்டும். கடைசிக் கழுவலுக்கும், பிறகு தினசரி தெளிப்பதற்கும் குடிதண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ வேண்டும். முற்றத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இன்னும் உள்ள வீடு என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை.

வடிந்த பிறகு நிழலில் ஒரு பகல் பரப்பி வையுங்கள். எப்போது சரியான பதம்? ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. கொழுக்கட்டை மாவு மாதிரி பிடிபட்டு நின்றால் சரி.

7. பெட்டியில் போடுவது

மரப்பெட்டி என்றால் உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாளை ஓரம் வரை ஏற்றி விரியுங்கள். இல்லையென்றால் ஈரம் இறங்கிப் பெட்டி உப்பும். ஈரமான மரத்தை நம் ஊர்க் கரையான் விட்டு வைக்காது. பெட்டியைச் சுவரை ஒட்டியோ நேராகத் தரையிலோ வைக்காமல் கால் வைத்து உயர்த்துங்கள்.

அப்புறம் எறும்பு. மிச்சக் கீரை, ஈரம் இரண்டும் இருக்கும் இடத்தை எறும்பு தேடி வரும், குட்டியின் கண்ணைச் சுற்றிக் கடித்துவிடும். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் பெட்டிக்குப் பக்கத்தில் கூடாது. அப்பத்தா பலகார அலமாரிக்குச் செய்வதைத்தான் நான் செய்தேன்: பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நிறுத்தினேன். அன்றிலிருந்து ஓர் எறும்பு ஏறியதில்லை. தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

கலவையைக் கொட்டி லேசாக அமுக்குங்கள். ஒரு பக்கம் வெப்ப விளக்கு, எதிர்ப் பக்கம் கவிழ்த்த மண்சட்டியின் வாயை உடைத்து ஒரு வளை. வளைக்குள் படுகை கொஞ்சம் கூடுதல் ஈரமாக இருக்கட்டும். விளக்குக்குக் கீழே 32 முதல் 35 டிகிரி, எதிர்ப் பக்கம் 27, 28 டிகிரி. விளக்கு படுகையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரத்தில், கிளிப்பை நம்பாமல் கம்பியாலும் கட்டியிருக்க வேண்டும். காய்ந்த நார்க்கழிவில் விளக்கு விழுந்தால் தீப்பிடிக்கும்.

தீனியைப் படுகை மேல் போடாதீர்கள். கடப்பா கல்லின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அதில் கீரையைப் போடுங்கள். படுகை வாய்க்குள் போவது குறையும், நகமும் அலகும் தானாகவே தேயும். உடைந்த ஆத்தங்குடிக் கல் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் பயன்படுத்தலாம்.

ஈரப்பதக் கருவியைப் பெட்டியின் மேல் விளிம்பில் மாட்டினால் பொய்க்கணக்கு காட்டும். ஆமையின் மூக்கு உயரத்தில், படுகையிலிருந்து இரண்டு விரல் மேலே வையுங்கள். இரண்டு நாள் ஆமை இல்லாமலே ஓட விட்டு, எண்கள் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு விடுங்கள்.

8. நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ற ஈரம்

அடி ஈரம், மேல் காய்ச்சல். இதுதான் குறி. மேல்பரப்பு எப்போதும் நசநசவென்று இருந்தால் அடி ஓட்டில் அழுகல் வரும். அதனால் தண்ணீரை மேலே தெளிப்பதைவிட நான்கு மூலைகளிலும் மெதுவாக ஊற்றுங்கள். அது அடியில் பரவி மேலே மெல்ல ஏறும்.

பங்குனியிலிருந்து ஆடி வரை வெளியே 40 டிகிரியை ஒட்டிப் போகும் நாட்களில், எங்கள் பெட்டிக்கு வாரம் இரண்டு முறை இரண்டிரண்டு லிட்டர் தேவைப்பட்டது. பெட்டியின் மேல்பக்கத்தில் முக்கால் பங்கை மூடி வைத்தால் ஈரம் நிற்கும். மின்விசிறிக்கு நேர் கீழே பெட்டி இருந்தால் நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் பற்றாது.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து விடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். சின்னக் காளான் முளைத்தால் வேரோடு எடுத்துப் போடுங்கள்.

உண்மையான ஆபத்து மார்கழி, தையில்தான். ஈரப் படுகையோடு குளிரும் சேர்ந்தால் சளி பிடித்து நுரையீரல் வரை போகும். இரவில் பெட்டிக்குள் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெளிச்சம் தராத பீங்கான் வெப்ப விளக்கு ஒன்று போடுங்கள். அதற்கு வழியில்லாத வாரத்தில் படுகையைக் காயவிட்டு, வளைக்குள் மட்டும் ஈரம் வையுங்கள். நீண்ட நேரம் மின்சாரம் போனாலும் இதையேதான் செய்ய வேண்டும்.

முற்றத்து வெயிலில் காலையில் அரை மணி நேரம் விடுவது அவசியம், கண்ணாடி வழியாக வரும் வெயிலில் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் கிடைக்காது. ஆனால் அந்த நேரத்தில் நிழலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் முற்றத்துக் கல் சுடும்.

வளர்ந்த ஆமையைத் தோட்டத்துக்கு மாற்றும்போது வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வேலி போடுங்கள். சல்காட்டா பல அடி ஆழம் தோண்டும், பழைய வீட்டின் அடித்தளத்தை ஒட்டித் தோண்ட விடக் கூடாது.

9. சுத்தம், கவனிப்பு, மருத்துவர்

தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், ஆமையின் தாடைக்குக் கீழே நிற்கும் ஆழத்தில், 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே வெளிக்குப் போய்விடும், படுகை சுத்தமாக நிற்கும். மிச்சத் தீனியையும் கழிவையும் அன்றன்றே எடுத்துவிட்டால் முழுப் படுகையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். புளிப்பு வாடையோ அமோனியா வாடையோ வந்தால் அன்றே மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆமைகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கும், சமையல்கட்டுத் தொட்டியில் ஆமைப் பாத்திரம் எதையும் கழுவ வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

படுகையையே தின்கிறதா? சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் கணவாய் மீன் ஓட்டில் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண் வீக்கம், அடி ஓட்டில் மெத்தென்ற இடம் அல்லது நாற்றம், ஒரு வாரமாக வெளிக்குப் போகாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள்.

ஆடு மாடு பார்க்கும் எல்லா மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. நான் ஆமையைத் தூக்கிக்கொண்டு முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே வசதியே இல்லை, அரை நாள் வீணானது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆமை நன்றாக இருக்கும்போதே அங்கும், மதுரையிலும் போன் செய்து, ஊர்வன பார்ப்பவர் யார், எந்தக் கிழமை இருப்பார், எக்ஸ்ரே உண்டா என்று கேட்டு எண்ணைக் கோப்பில் எழுதி வையுங்கள். போகும்போது படுகையில் ஒரு கைப்பிடியையும் கடைசியாகப் போன கழிவையும் தனித்தனிப் பையில் எடுத்துப் போங்கள்.

மாற்றி எடுத்த பழைய படுகையைக் குப்பையில் கொட்ட வேண்டாம், மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் நல்ல உரம். கீரைப் பாத்திக்கு மட்டும் போடாதீர்கள், சால்மோனெல்லா கிருமி கீரையோடு வீட்டுக்குள் வந்துவிடும்.